முனி உருண்டையும் பைரவன் சங்கிலியும்

ஏற்காட்டு மலையில் அந்த வருஷம் காப்பியைவிடப் பக்திதான் அமோகமாக விளைந்தது. காப்பிக்காவது களை வெட்ட வேண்டும், எரு போட வேண்டும். பக்திக்கு அந்தச் செலவெல்லாம் கிடையாது. ஒரு சாமியார் வந்து உட்கார்ந்தால் போதும், தானாகத் தழைத்துக்கொள்ளும்.

வெள்ளைக்காரத் துரைகள் எஸ்டேட்டுகளை ஆண்டுகொண்டிருந்த காலம் அது. தலைச்சோலை ஊர் எல்லையில் ஒரு பலாமரம். ஆடி மாதம் அதன் அடியில் ஒரு சாமியார் வந்து உட்கார்ந்தார். பெயர் பைரவானந்தர். கார்த்திகை பிறப்பதற்குள் மாரமங்கலத்திலிருந்து கூட்டம், வெள்ளக்கடையிலிருந்து கூட்டம், எஸ்டேட் கூலிக்காரர்களின் லைன் வீடுகளிலிருந்து கூட்டம். சேலத்து மிட்டாய்க்காரன் ஒருவன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மலையேறி வந்து பலாமரத்துக்கு எதிரே கடை போட்டுவிட்டான். இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா? கடவுள் குடியேறிய இடம் மிட்டாய்க்காரனுக்குத் தெரியாமல் போகாது.

மற்ற சாமியார்கள் திருநீறு கொடுப்பார்கள், தாயத்துக் கட்டுவார்கள். நம்முடையவர் அந்தச் சில்லறை வேலையெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. அவர் தீர்ப்புச் சொன்னார். அதுவும் தன் வாயால் அல்ல, நாயின் வாயால்.

மிளகு களவு போய்விட்டதா? மாட்டுக்கு யாரோ மருந்து வைத்துவிட்டார்களா? சந்தேகத்துக்கு ஆளானவர் தன் வீட்டு நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு காலையில் பலாமரத்தடிக்கு வர வேண்டும். சாமியார் தன் தோள் பையிலிருந்து 'முனி உருண்டை'யை எடுப்பார். விளாங்காய் அளவு இருக்கும். கரும்பழுப்பு நிறம். நெய் மணக்கும், வெல்லம் மணக்கும், கூடவே இன்னொரு மணமும் வரும். அது எதன் மணம் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதால் அது தெய்வ மணம் என்று முடிவாகிவிட்டது.

உருண்டையை இலையில் வைத்து இரண்டாகப் பிட்பார். ஒரு பாதியைத் தானும் ஊர்க்கவுண்டரும் எல்லாரும் பார்க்கத் தின்பார்கள். மறுபாதி நாய்க்கு.

"குற்றமில்லாத வீட்டு நாய் வாலை ஆட்டிக்கொண்டு போகும். குற்றமுள்ள வீட்டு நாயை முனி அழைத்துக்கொண்டு போவான். சூரியன் அஸ்தமிப்பதற்குள் தெரிந்துவிடும்" என்பார்.

தெரிந்துவிடும். மத்தியானத்துக்கு மேல் நாய் ஓரிடத்தில் நிற்காது. ஓடையில் போய்த் தண்ணீரைக் குடிக்கும், கக்கும், மறுபடி குடிக்கும். மூச்சு இரைக்கும். கால்கள் விறைத்து, உடம்பு வெட்டி வெட்டி இழுக்கும். விலாவில் கை வைத்தால் நெஞ்சு அடிக்கிற அடி கையை உதறும். பிறகு அடங்கிவிடும். இதைச் சொல்லும்போது மட்டும் எனக்குக் கேலி வரவில்லை. அந்த வாயில்லா ஜீவன்களுக்கு எந்த வழக்கும் தெரியாது. கூப்பிட்டார்கள், வந்தன. கொடுத்தார்கள், தின்றன.

மலைக்காரருக்கு நாய் என்றால் மடியில் வைத்துக் கொஞ்சுகிற சாமான் அல்ல. கேழ்வரகு பால் பிடிக்கிற காலத்தில் காட்டுப்பன்றி இறங்கினால் குரைத்துத் துரத்துகிற கூட்டாளி அது. நாய் போனால் கதிர் போயிற்று, கதிர் போனால் களி போயிற்று. தலைச்சோலை வேலம்மாளின் நாய் மணியன் அப்படித்தான் ஐப்பசியில் விழுந்தது. பக்கத்து வீட்டு மிளகை அவள் திருடிவிட்டாள் என்று தீர்ப்பாயிற்று. அடுத்த வாரமே பன்றிகள் வந்து அவள் வயலை மெழுகிவிட்டுப் போயின. அதையும் முனியின் கணக்கில்தான் எழுதிக்கொண்டார்கள். பன்றிக்கு ஒரு பெருமையும் கிடைக்கவில்லை.

"உருண்டையில விசம் இருக்குமோ?" என்று யாரும் கேட்கவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்டார்கள், முதல் நாளே கேட்டார்கள். அதற்குத்தான் அந்த மறுபாதி. ஒரே இலையில் கை நனைத்தவர்கள் ஒருவரை ஒருவர் கெடுக்க மாட்டார்கள் என்பது மலையில் தலைமுறை தலைமுறையாக வந்த கட்டுப்பாடு. சாமியார் தின்கிறார், ஊர்க்கவுண்டர் சின்னையன் தின்கிறார். விஷமானால் அவர்கள் சாக வேண்டாமா? இருவரும் குத்துக்கல் மாதிரி இருந்தார்கள். சின்னையனுக்கு மட்டும் உருண்டை தின்ற ராத்திரியில் தூக்கம் பிடிக்காது, நெஞ்சு கொஞ்சம் துள்ளும். அது முனி உடம்புக்குள் நடமாடுவது என்று சாமியார் விளக்கினார். கவுண்டர் அடுத்த வழக்கு எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு சங்கதியையும் ஊர் கவனித்தது. முந்தின நாளே ஆட்டுக்குட்டியோ கோழியோ கொண்டுவந்து சாமியார் காலடியில் வைத்தவர்களின் நாய்கள் எல்லாம் பிழைத்தன. வைக்காதவர்களின் நாய்கள் விழுந்தன. கண்ணால் பார்த்தார்கள், வாயால் பேசிக்கொண்டார்கள். கடைசியில் என்ன முடிவுக்கு வந்தார்கள் தெரியுமா? "பாத்தீங்களா, செய்யறதைச் செஞ்சா முனி கைவுட மாட்டான்." அடுத்த வாரம் கோழிகள் அதிகமாக வந்தன.

இப்படித் தர்மம் தழைத்துக்கொண்டிருந்தபோதுதான் கண்ணாயி வழக்கு வந்தது.

கண்ணாயிக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. தலைச்சோலை ஓடையோரம் கொஞ்சம் நிலம் இருந்தது. அதில் ஆரஞ்சு, காப்பி, கேழ்வரகு. காவலுக்குச் செவலை என்று ஒரு நாய். அந்த வருஷம் ஊரில் பாதி ஆரஞ்சு மரங்கள் இலை சுருண்டு காய்ந்தன. கண்ணாயியின் மரங்கள் மட்டும் காய்த்துத் தொங்கின. அவள் மழைக்கு முன்னால் களை எடுத்தாள், சாணி சுமந்து போட்டாள், மற்றவர்கள் அந்த நேரத்தில் பலாமரத்தடியில் இருந்தார்கள். இந்த வித்தியாசம் ஒருவர் கண்ணிலும் படவில்லை. செய்வினை என்று சாமியார் சொன்னார். எல்லார் கண்ணிலும் பட்டுவிட்டது.

"ஏம்மா கண்ணாயி, சாமிக்கு ஒரு கோழியக் கொண்டாந்து வெச்சுட்டுக் கும்புட்டுப் போயிரு. எதுக்குப் பொல்லாப்பு?" என்றார் சின்னையன். பழகிய மனுஷர், நல்லதற்குத்தான் சொன்னார்.

"ஏனுங்க கவுண்டரே, குத்தம் பண்ணலீனா எதுக்குங்க கோழி? பண்ணியிருந்தா ஒரு கோழிக்கு அந்தக் குத்தம் போயிருமுங்களா?"

பதிலுக்குக் கவுண்டரிடம் கோபம்தான் இருந்தது, அதைக் கொடுத்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை செவலையோடு பலாமரத்தடிக்கு வர வேண்டும். நாய் விழுந்தால் கண்ணாயி மலையை விட்டு இறங்கிவிட வேண்டும். அவள் நிலம் முனிக்கு மானியம். முனி ஏர் பிடிக்க மாட்டார் என்பதால், அவர் சார்பில் அதை அனுபவிக்கிற சிரமத்தைப் பைரவானந்தரே ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

கண்ணாயி அந்த நாலைந்து நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. செவலை அவள் காலைச் சுற்றிச் சுற்றி வந்தது. குட்டியாக எஸ்டேட் வேலியோரம் நனைந்து கிடந்ததை மடியில் போட்டுக் கொண்டுவந்து வளர்த்தவள் அவள். ஊரை எதிர்த்துக்கொண்டு மலையில் இருக்க முடியாது. நாயைக் கொண்டுபோய் நிறுத்தவும் மனசில்லை. முனி இருக்கிறதா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் சும்மா புலம்பிக்கொண்டு வீட்டிலும் இருக்கவில்லை. சனிக்கிழமை வேறொருவரின் வழக்கு நடந்தது. கூட்டத்தோடு கூட்டமாகப் போய் நின்றாள். எல்லாரும் சாமியாரைப் பார்த்தார்கள். நாய் வளர்க்கிறவள் அல்லவா, அவள் கண் சாமியாரின் நாய்மேல் போயிற்று.

சாமியாருக்கு ஒரு நாய் உண்டு. பைரவன் என்று பெயர். சாட்சாத் பைரவரின் வாகனம், பிறவியிலேயே பாவமற்றது என்று விளம்பரம். கொழுகொழுவென்று இருக்கும். பக்தர்கள் அதையும் விழுந்து கும்பிடுவார்கள். அது கும்பிட்டவர்களின் காதை நக்கும். சாமியார் கோழி தின்னும்போது எலும்பு அதற்கு, களி தின்னும்போது ஓர் உருண்டை அதற்கு. யார் இலையிலும் வாய் வைக்கும், ஒருவரும் விரட்ட மாட்டார்கள். அப்படிப்பட்ட நாய் முனி உருண்டை வெளியே வருகிற நேரத்தில் மட்டும் பலாமரத்துக்கு அப்பால் இரும்புச் சங்கிலியில் கட்டிக் கிடந்தது. அந்த மணத்துக்கு எச்சில் ஒழுக இழுத்துக்கொண்டு ஊளையிட்டது. சடங்கு முடிந்து, இலையைச் சாமியார் தன் கையாலேயே எரித்து, கையைக் கழுவிய பிறகுதான் சங்கிலி அவிழ்ந்தது.

கண்ணாயி வீட்டுக்கு வந்து அன்று வயிறாரக் களி தின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் மலையளவு. ஒரு பெண் நாசமாகப் போகிறாள் என்றால் வராமல் இருக்க முடியுமா? எஸ்டேட் பங்களா பட்லர் வெள்ளையனும் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவருக்குச் சாமியார் பக்கத்திலேயே பலகை போட்டிருந்தார்கள். சாமியாரின் பெரிய பக்தர் அவர். துரைக்கு டீ ஊற்றுகிற கையல்லவா, அந்தக் கையே கும்பிடுகிறது என்றால் ஊருக்கு நம்பிக்கை கூடாதா?

உருண்டை வந்தது. இலையில் பிட்டார். ஒரு பாதியைச் சாமியாரும் சின்னையனும் தின்றார்கள். சின்னையன் விரலையும் நக்கிக்கொண்டார்.

"ம், நாய்க்குக் கொடு" என்று மறுபாதியைக் கண்ணாயி கையில் வைத்தார் சாமியார்.

கண்ணாயி அதைக் கைக்குள் மூடிக்கொண்டாள். செவலையின் கயிற்றை வேலம்மாளிடம் கொடுத்துவிட்டுச் சாமியாரை நேரே பார்த்தாள்.

"சாமீ, ஒரு சந்தேகமுங்க. குத்தமில்லாத ஊட்டு நாய்க்கு இது ஒண்ணும் பண்ணாதுங்களா?"

"பண்ணாது."

"மலையில ஆரு குத்தமில்லாதவிய? நாங்கெல்லாம் மனுசப் பொறப்பு, ஒண்ணு ரெண்டு இருக்குமுங்க. சாமிக்கு இல்லீங்களே?"

"எமக்கு ஏதம்மா குற்றம்?" சாமியார் தாடியைத் தடவினார். கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது.

"அப்ப உங்க பைரவனுக்கு இதுல ஒரு வாய் குடுக்கறனுங்க. அது வாலை ஆட்டிக்கிட்டு நிக்கறதைப் பொழுது சாயற மட்டும் ஊரே பாக்கட்டும். அப்புறம் மிச்சத்தை என்ற செவலைக்குக் குடுக்கறேன். செத்தா நானே மூட்டையக் கட்டறனுங்க."

தாடியைத் தடவிய கை அங்கேயே நின்றுவிட்டது.

"பைரவர் இன்று விரதம்."

"காத்தால கோழி எலும்பு கடிச்சுக்கிட்டு இருந்துதுங்களே!" என்றது கூட்டத்தில் ஒரு குரல். சிலர் சிரித்துவிட்டு, சாமி கோபித்துக்கொள்ளுமே என்று வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"தெய்வத்தைச் சோதிக்கிறாயா? உன் வம்சம் அழிந்து போகும்!"

"எனக்கு ஏதுங்க சாமி வம்சம்? அந்தச் செவலைதான். அதைத்தான் நீங்க அழிக்கப் பாக்கறீங்களே."

சின்னையன் நெளிந்தார். அவர் மூளைக்குள்ளே ஏதோ ஒன்று, நெடுநாள் பூட்டிக் கிடந்த கதவு மாதிரி, கிரீச்சென்று சத்தம் போட்டது. "சாமீ, அவ கேக்கறது நாயமாத்தான் இருக்குதுங்க. பைரவருக்கு எப்படியும் ஒண்ணும் ஆவாதுங்களே. ஒரு வாய் குடுத்துட்டா இவ வாய் அடைஞ்சு போவும்."

யாரோ ஓடிப்போய்ச் சங்கிலியை அவிழ்த்தார்கள். யார் என்று பார்த்தால் வேலம்மாள்! செவலையின் கயிற்றை இடது கையில் சுருட்டிக்கொண்டு, வலது கையால் கொக்கியைத் தட்டிவிட்டிருந்தாள்.

பைரவன் வில்லிலிருந்து கிளம்பின அம்பாகப் பாய்ந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேரே கண்ணாயியின் மூடிய கைக்கு வந்து மூக்கை வைத்தது. விரல் இடுக்கை நக்கியது. தெய்வ வாகனத்தின் வாலெல்லாம் ஆசை.

"டேய்! வேண்டான்டா! வாய வெக்காதடா, செத்துப் போயிருவடா!"

சாமியார் ஆசனத்திலிருந்து அலறிக்கொண்டு விழுந்தார். ஜடாமுடி ஒரு பக்கம் கழன்று தொங்கியது. நாயின் மூஞ்சியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துத் தன் நெஞ்சோடு அழுத்திக்கொண்டு தரையில் கிடந்தார். வடமொழி கலந்த சாமியார் பாஷை போன இடம் தெரியவில்லை. நல்ல சேலத்துத் தமிழ்தான் வந்தது. பலாமரத்தடியில் வந்து உட்கார்ந்த நாள் முதல் அவர் சொன்ன முதல் உண்மையும் அதுதான்.

கூட்டம் நெருங்கி வந்து எட்டிப் பார்த்தது.

"செத்துப் போவும்னு உங்களுக்கு எப்படித் தெரியுமுங்க?" என்றாள் கண்ணாயி. சத்தம் போட்டுக் கேட்கவில்லை. கையையும் திறக்கவில்லை. "நான் அதுக்குக் குடுத்திருக்க மாட்டனுங்க. அந்த வாயில்லாத சீவன் என்ன பண்ணுச்சு? உங்க வாயத் தொறக்கத்தான் கேட்டேன்."

சின்னையன் தோள் பையைப் பிடித்துக் கொட்டினார். இரண்டு துணி முடிச்சுகள் விழுந்தன. ஒன்றில் கேழ்வரகு மாவும் வெல்லமும் சேர்த்துப் பிடித்த உருண்டைகள். கோழி கொண்டுவந்தவர்களுக்கு. மற்றதில் அந்த இன்னொரு மணம் வீசுகிற உருண்டைகள். கோழி கொண்டுவராதவர்களுக்கு. கூடவே ஒரு பெரிய தகர டின் உருண்டு போய்ப் பட்லர் வெள்ளையனின் பளபளப்பான பூட்ஸில் முட்டி நின்றது.

பட்லர் டின்னைப் பார்த்தார். அவர் முகம் கோட்டைவிட வெள்ளையாகிவிட்டது.

"இது... இது எங்க பங்களா கொக்கோ டின்னுங்க. சாக்லேட்டு கேக்குக்குப் போடறது. நாந்தான் சாமிக்குக் கொண்டாந்து குடுத்தேன்."

"நீங்களா! எதுக்குங்க?" என்றார் சின்னையன்.

பட்லர் சொன்ன கதை இதுதான். போன கிறிஸ்துமஸுக்குப் பங்களாவில் மேஜைமேல் வைத்திருந்த சாக்லேட்டைத் துரைசானியின் செல்ல நாய் ஏறித் தின்றுவிட்டது. அன்று சாயங்காலமே துடித்துச் செத்தது. சேலத்திலிருந்து வந்த மாட்டு டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "மனுசனுக்கு இது திங்கிற பண்டம். நாய் உடம்புக்கு இதைச் செரிச்சு வெளியே தள்ளத் தெரியாது. உள்ளேயே தங்கி நெஞ்சைப் படபடன்னு அடிக்க வெச்சுக் கொன்னுரும். கறுப்பா, கசப்பா இருக்கிற கொக்கோதான் நொம்பக் கெடுதி. பூனைக்கும் கிளிக்கும்கூட ஆவாது." அன்று முதல் துரைசானி டின்களை அலமாரியில் வைத்துப் பூட்டினாள், மிச்சமிருந்த நாய்களுக்காக. லைன் வீடுகளுக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்ப அவளுக்குத் தோன்றவில்லை. அங்கே நாய் இருக்கிறது, ஆனால் சாக்லேட் ஏது?

டாக்டர் பேசியதை அலமாரிப் பக்கம் நின்று இன்னொருவனும் கேட்டுக்கொண்டிருந்தான். பாத்திரம் கழுவுகிற அங்கப்பன். ஜாம் ஜாடிக்குள் கையை விட்டு மாட்டிக்கொண்டு, தை மாதம் வேலை போனவன். ஆறு மாதம் தாடி வளர்த்துக்கொண்டு பலாமரத்தடிக்கு வந்தவனும் அவன்தான். ஜடாமுடி கழன்ற பிறகுதான் பட்லருக்கே அடையாளம் தெரிந்தது.

"செத்த நாயோட ஆவி டின்னுக்குள்ள குடியிருக்குது, பூட்டைத் தொறந்து ஒவ்வொண்ணாக் கொண்டாந்து சமர்ப்பணம் பண்ணு, இல்லாட்டித் துரைசானிக்கு ஆவாதுன்னு சாமி சொல்லுச்சுங்க. பயந்துக்கிட்டுக் கொண்டாந்தேன். துரைசானிகிட்ட எலி இழுத்துட்டுப் போச்சுன்னு சொன்னேன்" என்று முடித்தார் பட்லர்.

பூட்டின அலமாரிக்குள் எலி! அதையும் ஒருத்தி நம்பியிருக்கிறாள். மூடநம்பிக்கைக்கு நம்மவர் வெள்ளையர் என்ற பேதமே கிடையாது.

பட்லருக்குச் சாக்லேட் நாயைக் கொல்லும் என்பது தெரியும். சாமியாரிடம் சாக்லேட் போகிறது என்பது தெரியும். ஊரில் நாய்கள் சாகின்றன என்பதும் தெரியும். மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க மட்டும் அவருக்கு நேரம் இருக்கவில்லை. கும்பிடுகிற வேலை சரியாக இருந்தது.

அங்கப்பனை ஏற்காட்டுப் போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். பைரவனை அடிக்கக் கல்லெடுத்தவர்களைக் கண்ணாயி தடுத்தாள். அது எசமானன் பின்னாலேயே வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு போயிற்று.

அத்தோடு முடிந்தது என்றா நினைக்கிறீர்கள்? நம் ஜனங்களை நீங்கள் அறியவில்லை. சின்னையன் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினார்.

"ஆத்தா! கண்ணாயி நாக்குல நெச முனியே வந்து உக்காந்து பேசிட்டான்!"

"ஆமாங்க, அருள் வந்திருச்சு! கண்ணாயியம்மாளுக்கு அருள் வந்திருச்சு!" ஒருத்தி மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்தாள். ஒருவன் தேங்காய் உடைத்தான். நாலு பேர் அவள் காலில் விழுந்தார்கள். மூட்டை கட்டிக்கொண்டிருந்த மிட்டாய்க்காரன் மறுபடி கூடையைத் திறந்தான்.

"சீ, எந்திரிங்க!" கண்ணாயி போட்ட சத்தத்தில் தேங்காய் உடைத்தவன் இரண்டடி பின்னால் போனான். "என்ற மேல ஒரு சாமியும் வரல. நாய்க்குக் குடுக்கற பண்டம் வெளிய வர்றப்ப சாமி தன்ற நாயை மட்டும் எதுக்குக் கட்டிப் போட்டிருக்குதுன்னு பாத்தேன், கேட்டேன். அவ்வளவுதான். நீங்களும் ஆடியிலிருந்து இங்கதான நின்னு பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

பலாமரத்துக்கு அப்பால் வேலம்மாள் வெறும் சங்கிலியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். செவலை அவள் மடியில் மூஞ்சியை வைத்திருந்தது.

"நானும் பாத்தனே கண்ணு" என்று நாயிடம் சொல்லி அழுதாள். "நானும்தான் தெனம் பாத்தேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ற மணியன் இருந்திருக்குமே."

செத்த நாய்களை யாரும் குறை சொல்ல முடியாது. ஒவ்வொன்றும் உருண்டையை நன்றாக மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயை வைத்தது. அதனிடம் இருந்தது ஒரு மூக்கு, அதைப் பயன்படுத்தியது. மூக்கு ஏமாந்துவிட்டது, பாவம். சுற்றி நின்ற மனிதர்களிடம் மூக்குக்கு மேலேயும் ஒன்று இருந்தது. அதைத்தான் அத்தனை பேரும் சங்கிலி போட்டுப் பலாமரத்துக்கு அப்பால் கட்டிவிட்டு வந்திருந்தார்கள்.

அவிழ்த்துவிடுங்கள் ஐயா. கடிக்காது.